பாதரசம் ஏறாத காலம்

(உத்தரகாசியில் ஜூன் மாதம் நடைபெற்ற சாதனா முகாமின் நிறைவு நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஐந்து நாட்களில் நீங்கள் எழுதிப் போட்ட கேள்விச் சீட்டுகளுள் பெரும்பாலானவற்றிற்கு நேற்று மாலையே விடை கூறி முடித்துவிட்டேன். ஒரே ஒரு சீட்டை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் பெயர் இல்லை. எழுதியவர் யாரென்று அறிய நான் முயலவும் இல்லை. அதை முதலில் படித்துவிடுகிறேன்.

"எனக்கு வயது 64. மந்திர தீட்சை பெற்று 22 ஆண்டுகள் ஆகின்றன. நாள் தவறாமல் ஜபம் செய்து வருகிறேன். என்னோடு தீட்சை பெற்றவர்கள், கண்ணீர் பெருகுகிறது, ஒளி தெரிகிறது என்றெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றுமே இல்லை. ஆரம்பத்தில் சில மாதங்கள் ஓர் ஆனந்தம் இருந்தது, அதுவும் போய்விட்டது. உட்கார்ந்தால் வீட்டு நினைவுதான். மருமகள்மீது இன்னமும் கோபம் வருகிறது. முன்பெல்லாம் கோபம் வந்தால் நான்கு நாட்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். இப்போது அன்று மாலையே நானாகப் போய்ப் பேசிவிடுகிறேன் என்றாலும் கோபம் வரத்தானே செய்கிறது? இத்தனை ஆண்டு ஜபமும் வீண்தானே? பலனில்லாத ஒன்றைப் பக்தி என்ற பெயரில் செய்துகொண்டிருக்க மனம் ஒப்பவில்லை. நாளை ஊருக்குப் புறப்படுமுன் ஜபமாலையைக் கங்கையில் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். அது தவறா?"

சீட்டு இவ்வளவுதான். இது சோம்பலில் பிறந்த கேள்வி அன்று. நேர்மையில் பிறந்த கேள்வி. 'விடாமல் செய்யுங்கள், எல்லாம் சரியாகிவிடும்' என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் 22 ஆண்டுகள் விடாமல் செய்த ஒருவரிடம் அதையே மீண்டும் சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? ஆகவே இன்று வேறு வழியாகச் செல்ல எண்ணுகிறேன். துறவு பூணுமுன் நான் சிலகாலம் மாணவர்களுக்குப் பௌதிகம் கற்பித்தவன். அந்தப் பழைய பாடங்களுள் ஒன்று நேற்றிரவு, இதோ வெளியே இரைந்துகொண்டிருக்கும் பாகீரதியின் ஓசையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோது, நினைவுக்கு வந்தது.

தவம் என்ற நம் சொல் 'தபஸ்' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அதன் வேர் 'தப்' என்பது. காய்ச்சுதல், வெப்பமுறுதல் என்பது அதன் பொருள். ஆன்மிக முயற்சிக்கு நம் ரிஷிகள் தேர்ந்தெடுத்த பெயரே வெப்பம்தான். அப்படியானால் ஒருவர் செய்யும் தவம் எவ்வளவு என்பதை எதைக்கொண்டு அளப்பது? நாம் எல்லோரும் உடனே தேடுவது ஒரு வெப்பமானியை. ஆனந்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது? அமைதி எத்தனை டிகிரி? கண்ணீர் வந்ததா, வரவில்லையா? சீட்டு எழுதிய அம்மையாரும் அதைத்தான் பார்த்திருக்கிறார். எழுத்தையும் செய்தியையும் கொண்டு அம்மையார் என்றே கொள்கிறேன். 22 ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்து, பாதரசம் ஏறவே இல்லை என்று சோர்ந்துபோயிருக்கிறார்.

வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றல்ல. பள்ளியில் படித்துத் தேர்வு எழுதி மறந்துபோன ஒரு செய்திதான் இது. சற்று நினைவுபடுத்திக் கொள்வோம்.

ஒரு பாத்திரத்தில் ஒரு கிலோ பனிக்கட்டி இருக்கிறது. அது பூஜ்யத்திற்கும் கீழே 10 டிகிரி குளிர்ச்சியில் உள்ளது. அதற்குள் ஒரு வெப்பமானியைச் செருகி, பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுகிறோம். அடுப்பு ஒரே சீராக எரிகிறது. நிமிடத்திற்கு 10 கிலோ கலோரி வெப்பம், சிறிதும் வெளியே சிந்தாமல், பாத்திரத்திற்குள் செல்வதாக வைத்துக்கொள்வோம். முதல் அரை நிமிடத்திலேயே பாதரசம் 10 டிகிரி ஏறிப் பூஜ்யத்தைத் தொட்டுவிடுகிறது. பார்ப்பவருக்கு ஒரே உற்சாகம். தீட்சை பெற்ற புதிதில் சாதகருக்கு வரும் உற்சாகத்தைப் போன்றது அது!

அதன்பிறகு என்ன ஆகிறது? பாதரசம் நின்றுவிடுகிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் கடந்தும் அசைவில்லை. அடுப்பு முன்போலவே எரிகிறது; வெப்பம் முன்போலவே உள்ளே செல்கிறது; வெப்பமானியோ பூஜ்யத்திலேயே நிற்கிறது. முழுதாக 8 நிமிடங்கள் இந்த நிலை. ஏனென்றால் ஒரு கிராம் பனிக்கட்டி, வெப்பநிலையில் ஒரு டிகிரியின் சிறு பகுதியும் ஏறாமல் வெறுமனே நீராக மாறுவதற்கு மட்டும் 80 கலோரி தேவைப்படுகிறது. அதே 80 கலோரியை அந்த நீருக்குக் கொடுத்திருந்தால் அது கை வைக்கமுடியாத 80 டிகிரி சூட்டை அடைந்திருக்கும். பனிக்கட்டி அத்தனையையும் வாங்கிக்கொண்டு 'எனக்கு ஒன்றுமே நேரவில்லை' என்கிறது.

பனிக்கட்டி முழுவதும் உருகியபின் பாதரசம் மீண்டும் ஏறுகிறது. 10 நிமிடங்களில் 100 டிகிரி. நீர் கொதிக்கிறது. மறுபடியும் நின்றுவிடுகிறது! இம்முறை 8 நிமிடங்கள் அல்ல, 54 நிமிடங்கள். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 540 கலோரி வேண்டும். கூட்டிப் பாருங்கள். மொத்தம் எழுபத்திரண்டரை நிமிடப் பயணத்தில் 62 நிமிடங்கள் வெப்பமானி அசையவே இல்லை. ஏழில் ஆறு பங்கு காலம்! அந்த ஆறு பங்கு காலத்தில்தான் பொருளின் நிலையே மாறியது. கட்டி நீராயிற்று, நீர் ஆவியாயிற்று. பாதரசம் ஏறிக்கொண்டிருந்த எஞ்சிய நேரத்தில் நிலைமாற்றம் எதுவுமே நிகழவில்லை. பனிக்கட்டி பனிக்கட்டியாகவே இருந்தது, நீர் நீராகவே இருந்தது. சூடு மட்டும் ஏறிற்று.

அடுப்பங்கரையில் வெப்பமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஏழாவது நிமிடத்தில் அவர், 'இந்த அடுப்பினால் பயனில்லை' என்று அணைத்துவிடுகிறார். பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்திருந்தால் ஐந்தில் ஏறத்தாழ நான்கு பங்கு நீராகியிருப்பதைக் கண்டிருப்பார்.

இந்த உண்மையை முதலில் தெளிவாகக் கண்டவர் ஜோசப் பிளாக் என்ற அறிஞர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் வேதியியலும் கற்பித்தவர். அந்நாளில் பனிக்கட்டியைப் பூஜ்யத்திற்குக் கொண்டுவந்துவிட்டால் போதும், இன்னும் சிறிதளவே வெப்பம் தந்தால் முழுதும் உருகிவிடும் என்று எல்லோரும் கருதிவந்தனர். பிளாக் 1761-இல் ஒரு சோதனை செய்தார். ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பனிக்கட்டி, மற்றொன்றில் ஏறத்தாழ அதே குளிர்ச்சியில் நீர். இரண்டையும் ஒரே கூடத்தில் தொங்கவிட்டார். நீர், பாரன்ஹீட் கணக்கில் 7 டிகிரி ஏற அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. பனிக்கட்டி உருகி அதே நிலைக்கு வந்து சேரப் பத்தரை மணி நேரம் ஆயிற்று. இருபத்தொரு மடங்கு! அந்தப் பத்து மணி நேரமும் அறையின் வெப்பம் பனிக்கட்டிக்குள் சென்றுகொண்டுதான் இருந்தது. வெப்பமானிக்கு மட்டும் அது தெரியவில்லை. மறைந்திருக்கும் வெப்பம் என்று பொருள்படும் பெயரை அவர் அதற்கு இட்டார். நம் பாடநூல்களில் அதை 'உள்ளுறை வெப்பம்' என்கிறோம். இந்தத் தமிழாக்கத்தைச் செய்தவர் யாரோ, அவரை வணங்கவேண்டும். தொல்காப்பியர் காலத்திலிருந்தே 'உள்ளுறை' என்பது, வெளியே ஒன்று தோன்ற உள்ளே வேறொன்று நிறைந்திருப்பதைக் குறிக்கும் சொல். பிளாக்கிடம் இன்னொரு சிறப்பும் உண்டு. இந்தப் பெரும் கண்டுபிடிப்பை அவர் நூலாக வெளியிடவே இல்லை. மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டே இருந்தார். 1799-இல் அவர் மறைந்தபின், 1803-இல்தான் அவருடைய விரிவுரைகள் அச்சாயின. அவரும் ஓர் உள்ளுறை வெப்பம்தான்!

பிளாக் தம் மாணவர்களிடம் ஒரு வாதத்தை முன்வைப்பதுண்டு. பனி உருகுவதற்கு அதிக வெப்பம் தேவையில்லை என்பது உண்மையானால், இளவெயில் அடித்த முதல் நாளிலேயே மலைப்பனி முழுவதும் சில நிமிடங்களில் நீராகிப் பாய்ந்துவிடும். எதிர்ப்பட்ட அனைத்தையும் அந்த வெள்ளம் துடைத்துச் சென்றுவிடும் என்பார். அவர் ஸ்காட்லாந்து மலைகளை எண்ணிச் சொன்னது, இந்த இமயத்தின் மடியில் அமர்ந்திருக்கும் நமக்கு எவ்வளவு பொருந்துகிறது! நேற்று முன்தினம் நீங்கள் கங்கோத்ரி சென்று வந்தீர்கள். அங்கிருந்து பதினெட்டு, பத்தொன்பது கிலோமீட்டர் நடந்தால் கோமுகம். அங்கே முடிவது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரிப் பனியாறு. (பல பத்தாண்டுகளாக அது பின்வாங்கிக்கொண்டே வருவதும் உண்மை. அது வேறொரு நாள் கவலையோடு பேசவேண்டிய செய்தி.) சித்திரை வைகாசி வெயில் முழுவதும் அதன்மேல் விழுகிறது. ஆனாலும் ஒரே நாளில் உருகிவிடாமல், மாதக்கணக்கில் சிறிது சிறிதாக நீராகிறது. அந்தப் பனியின் ஒவ்வொரு கிராமும் 80 கலோரியைக் கேட்டு வாங்கிக்கொள்வதால்தான் நாம் இந்தக் கரையில் அச்சமின்றி உட்கார்ந்திருக்கிறோம்.

கங்கை விண்ணிலிருந்து இறங்கிய வரலாற்றை எல்லோரும் அறிவீர்கள். அவள் நேரே விழுந்தால் பூமி தாங்காது என்பதற்காகச் சிவபெருமான் தம் சடையில் ஏந்தினார். அங்கேயே அடக்கி வைத்திருந்து மெல்ல விடுவித்தார். சடைக்குள் கங்கை சுழன்றுகொண்டிருந்த காலத்தில் கீழே நின்ற பகீரதனுக்கு ஒரு துளியும் தெரியவில்லை. அவன் மீண்டும் தவம் செய்தான். சிவனின் சடையை உள்ளுறை வெப்பம் என்று நான் சொல்லவரவில்லை. புராணத்தைப் பௌதிகமாக்கும் முயற்சி எனக்கு உடன்பாடானதும் அன்று. ஆயினும் நேற்றிரவு இரண்டும் ஒருங்கே நினைவில் வந்தன.

பகீரதன் பெயர் நிலைத்துவிட்டது. ஆற்றுக்கே அவன் பெயர். அவனுக்கு முன்னால் இருந்தவர்களை நாம் நினைப்பதில்லை. பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தைப் பாருங்கள். பகீரதனின் பாட்டனார் அம்சுமான். கங்கையைக் கொணர்வதற்காக நெடுங்காலம் தவம் செய்தார், கங்கை வரவில்லை, அவர் மறைந்தார். அவருடைய மகன் திலீபன். அவனாலும் இயலவில்லை, அவனும் மறைந்தான். மூன்றாவதாக வந்தவனுக்குத்தான் கங்கை இறங்கினாள். அம்சுமான் ஒரு சீட்டு எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? 'வாழ்நாள் முழுவதும் தவம் செய்தேன், ஒரு துளி நீரும் வரவில்லை' என்றுதானே? அவருடைய வெப்பமானியில் பூஜ்யம். ஆனால் பகீரதன் தவத்தில் அமர்ந்தபோது அவன் தொடங்கியது பூஜ்யத்திலிருந்தா? நான் அப்படி நினைக்கவில்லை.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். உள்ளே சென்ற அத்தனை வெப்பமும் எங்கே போயிற்று?

வெப்பநிலை என்பது அணுக்கூட்டங்களின் துடிப்பு வேகத்தைக் காட்டுவது. வேகம் கூடினால் பாதரசம் ஏறும். பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு மூலக்கூறுகளோடு பிணைக்கப்பட்டு, அசைய இடமின்றி ஒழுங்காக நிற்கிறது. வெப்பம் உள்ளே வரும்போது ஒரு கட்டத்திற்குப்பின் அது வேகத்தைக் கூட்டுவதில்லை. பிணைப்பைத் தளர்த்துவதில் செலவாகிறது. வேகத்தில் செலவாகும் வெப்பம் உணரப்படும். பிணைப்பை நெகிழ்த்துவதில் செலவாகும் வெப்பம் உணரப்படாது. உருகும்போது பிணைப்புகளில் ஒரு சிறு பகுதியே தளர்கிறது. ஆவியாகும்போது அவை ஏறக்குறைய முற்றிலும் அறுந்துபோகின்றன. அதனால்தான் அங்கே 540 கலோரி கேட்கிறது.

பிணைப்பு, பந்தம், பாசம். இந்தச் சொற்களை நான் விளக்கவேண்டியதில்லை. ஸ்ரீராமகிருஷ்ணர் போன்ற மகான்கள் பனிக்கட்டியையும் நீரையும் உவமையாக்கி இறைவனின் உருவ நிலையையும் அருவ நிலையையும் விளக்கியிருக்கிறார்கள். நான் இன்று சொல்வது இறைவனைப் பற்றியது அன்று. நம் மனத்தைப் பற்றியது. 'நான் சொன்னதே சரி', 'என்னை மதிக்கவில்லை', 'என் வீடு, என் மகன்' என்று ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு நிற்கும் எண்ணங்களின் கட்டிதான் அது. நாள்தோறும் காலையில் ஓர் அரைமணி நேர ஜபத்தின் வெப்பம் அதற்குள் செல்கிறது. அது ஆனந்தமாக வெளிப்பட்டால் நமக்குத் தெரிகிறது. ஒரு பிடிப்பைச் சற்றே நெகிழ்த்துவதில் செலவானால் தெரிவதில்லை. தியானத்தில் ஒளி கண்டவரைவிட, ஒன்றும் காணாமல் எழுந்தவரின் ஜபம் அன்று கடினமான வேலையைச் செய்திருக்கலாம்.

இங்கே ஒரு தடையை நானே எழுப்பவேண்டும். எழுப்பாவிட்டால் இது இனிப்பான ஏமாற்றாகிவிடும். வெப்பமானி பூஜ்யத்தில் நிற்கிறது என்பதாலேயே உள்ளே பனி உருகிக்கொண்டிருக்கிறது என்று சொல்லமுடியுமா? முடியாது. அடுப்பு அணைந்துபோன பாத்திரத்திலும் பனியும் நீரும் கலந்து பூஜ்யத்திலேயே நிற்கும். குளிர்ந்த இடத்தில் வைத்தால் உருகிய நீர் மறுபடி உறைந்துகொண்டிருக்கும்போதும் வெப்பமானி அதே பூஜ்யத்தைத்தான் காட்டும். மூன்று நிலைகளுக்கும் ஒரே எண்! 'எனக்கு அனுபவம் எதுவும் இல்லை, ஆகவே நான் ஆழமாக முன்னேறிக்கொண்டிருக்கிறேன்' என்று எவரேனும் சொன்னால், அவர் அடுப்பில் நெருப்பு இருக்கிறதா என்று முதலில் குனிந்து பார்க்கவேண்டும். உதடு ஜபிக்க, விரல் மணியை உருட்ட, கண் கடிகாரத்தைப் பார்க்கும் ஜபத்தில் கலோரி ஏது?

ஆகவே வெப்பமானியை விட்டுவிட்டு மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். உள்ளே நீர் இருக்கிறதா? நேற்று இல்லாத நெகிழ்ச்சி ஏதேனும் இன்று இருக்கிறதா? அந்தச் சீட்டை மறுபடியும் படிக்கிறேன். ஒரே ஒரு வரியை மட்டும். "முன்பெல்லாம் கோபம் வந்தால் நான்கு நாட்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டேன்; இப்போது அன்று மாலையே நானாகப் போய்ப் பேசிவிடுகிறேன் என்றாலும்..."

என்றாலும்! அம்மா, நீங்கள் எவராயினும் கேளுங்கள். இந்த 'என்றாலும்' என்ற சொல்லுக்கு முன்னால் எழுதியதைத் தோல்விக் கணக்கில் எழுதிவிட்டீர்கள். நான்கு நாட்கள் உறைந்து கிடந்த ஒன்று இப்போது அரை நாளில் நீராகி ஓடிவிடுகிறது. அதுவும் வயதில் இளையவளிடம், உங்கள் வீட்டுக்கு வந்தவளிடம், நீங்களே முதலில் சென்று பேசுகிறீர்கள். மாமியார் என்ற ஸ்தானத்தின் பிணைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பதைக் குடும்பத்தில் இருப்பவர்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அது தானாகத் தளரவில்லை; யாரோ வெப்பம் கொடுத்திருக்கிறார்கள். கோபம் இன்னும் வருகிறதே என்கிறீர்கள். வருகிறதுதான். பாத்திரத்தில் இன்னும் பனிக்கட்டி மிதக்கிறது. அது ஒரு துண்டாவது மிதக்கும்வரை பாதரசம் ஏறாது. இயற்கையின் விதி அப்படி. ஜபம் வீணா என்று என்னைக் கேட்பதைவிட, ஊருக்குப் போனதும் உங்கள் மருமகளைக் கேளுங்கள். 'பத்து வருஷத்துக்கு முன்னால் நான் எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன்?' என்று கேளுங்கள். அவர் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. அதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். தூய்மையான நீரை ஆடாமல் அசையாமல் வைத்துக் குளிரச் செய்தால், பூஜ்யத்திற்குக் கீழே சென்றபிறகும் அது உறையாமல் நீராகவே நிற்கும். பாரன்ஹீட் என்ற அறிஞர் 1724-இலேயே இதை எழுதியிருக்கிறார். பார்ப்பதற்குத் தெளிந்த, அமைதியான நீர். பாத்திரத்தைச் சற்று அசைத்துவிட்டாலோ, கண்ணெதிரே சடசடவென்று பனி ஊசிகள் முளைத்துப் பரவும். வெப்பநிலையும் பூஜ்யத்திற்குத் திடீரென ஏறிவிடும். உறையும்போது, மறைந்திருந்த வெப்பம் வெளியே வருகிறது. நான் பிரம்மச்சாரியாக இருந்தபோது ஓர் ஆண்டு இந்த மலைப்பகுதியில் 40 நாட்கள் மௌனத்தில் இருந்தேன். மனம் அந்தச் சுனைநீர்போலத் தெளிந்திருந்தது. கோபத்தை வென்றுவிட்டேன் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்! மலையிலிருந்து இறங்கிய அன்றே ஒரு ரயில் நிலையத்தில், சுமைகூலி பேசியதற்குமேல் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டார் ஒரு முதியவர். அவ்வளவுதான். 40 நாள் நீர் ஒரே நொடியில் கட்டியாயிற்று, முகம் சுட்டது. அவர் பணத்தைக்கூட வாங்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அன்று என் வெப்பமானி மிக நன்றாகத்தான் இருந்தது. எவரும் அசைக்காததால் நிலவிய அமைதி அது. மருமகளோடு ஒரே சமையலறையில் 22 ஆண்டுகள் ஜபத்தைக் காப்பாற்றி வந்தவரின் நீர், நாள்தோறும் அசைக்கப்பட்ட நீர். இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால் நான் தயங்காமல் சொல்வேன்.

சமையலறை என்றதும் இன்னொன்று. கங்கோத்ரியில் பருப்பு வேகவில்லை என்று உங்களில் சிலர் குறைப்பட்டுக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். 3,100 மீட்டர் உயரத்தில் நீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதற்குமேல் சூடேறாது. சமையற்காரரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆசிரமச் சமையற்கட்டில் பணி செய்தவர்களுக்குத் தெரியும். கொதிநீர் சுடுவதைவிட நீராவி சுடுவது கொடியது. இரண்டும் 100 டிகிரிதான்; வெப்பமானிக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் ஆவி நம் தோலில் பட்டு நீராகும்போது தான் வாங்கி மறைத்து வைத்திருந்த 540 கலோரியையும் ஒருசேரத் திருப்பித் தருகிறது. நீராவி இயந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட் இதைக் கண்டு வியந்தார். சிறிதளவு நீரிலிருந்து எழுந்த ஆவி, தன் எடையைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்கு ஏற்றிவிடுவதைப் பார்த்து, காரணம் புரியாமல் பிளாக்கிடம்தான் போய்க் கேட்டார். பெரியோர்களிடம் நாம் செல்லும்போதும் இதைக் கண்டிருக்கிறோம். சிலர் அதிகம் பேசுவதில்லை. முகத்தில் தனியாக ஒன்றும் தெரிவதில்லை. அருகில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் நம் குளிர் விட்டுப்போயிருக்கிறது. எத்தனை ஆண்டுகள், பாதரசம் ஏறாமலே, அவர்கள் அந்த வெப்பத்தை வாங்கியிருப்பார்கள்!

'அப்படியே இருந்தாலும், முழுவதும் உருகுமுன் என் காலம் முடிந்துவிட்டால்?' என்று அந்த அம்மையார் கேட்கவில்லை. ஆனால் 64 வயதில் எழுதப்பட்ட சீட்டில் அந்தக் கேள்வியும் எழுதப்படாமல் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அர்ஜுனனே அதைக் கேட்டுவிட்டான். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், யோகத்தில் முயன்று சித்தி பெறாமலே போய்விடுபவனின் கதி என்ன, இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் சிதறிய மேகம்போல அழிந்துவிடுவானா என்று வினவுகிறான். எவ்வளவு பொருத்தமான உவமையைத் தேர்ந்தெடுத்தான், பாருங்கள்! மேகம் என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். அது கலைந்து மறைந்தால் என்ன ஆகிறது? துளிகள் மீண்டும் ஆவியாகின்றன. கண்ணுக்குத்தான் தெரியவில்லை, ஒரு துளி நீரும் குறையவில்லை. ஆவியாகும்போது வாங்கிய உள்ளுறை வெப்பத்தோடு அந்த ஈரம் காற்றிலேயே இருக்கிறது. வேறோர் இடத்தில், தக்க மலை எதிர்ப்படும்போது, மேகமாகத் திரண்டு மழையாகும். கீதாசாரியன் விடை சொல்லும்போது அர்ஜுனனை 'தாத' என்று, மகனை அழைப்பதுபோல் அழைக்கிறார். நன்மை செய்தவன் எவனும் கெட்ட கதியை அடைவதில்லை என்பதே அவர் தரும் உறுதி. விட்ட இடத்திலிருந்து அவன் அடுத்த பிறவியில் தொடர்வான் என்றும் சொல்கிறார். பனியும் ஆவியும் உவமைதான். உவமைக்கு எல்லை உண்டு. உருகிய நீர் குளிரில் மறுபடி உறையும் என்பதை முன்பே சொன்னேன். பகவானின் வாக்குக்கு அந்த எல்லை இல்லை.

மணி ஒன்பதரை ஆகிறது. பேருந்துகள் பிற்பகல் 2 மணிக்குத்தான் புறப்படுகின்றன. படித்துறையில் இன்று நீர் மிகுந்திருக்கிறது. கடைசி இரண்டு படிகளில் எவரும் இறங்கவேண்டாம். தியான மண்டபத்தைப் பூட்டவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சீட்டு எழுதிய அன்பரே, விரும்பினால் அங்கே சென்று ஒரு மாலை ஜபம் செய்யுங்கள். ஆனந்தம் வருகிறதா, ஒளி தெரிகிறதா என்று பார்க்காமல் செய்யுங்கள். அதன்பிறகு படித்துறைக்குப் போவதா, பேருந்துக்குப் போவதா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மாலையை விட்டுவிடுவதென்றே தீர்மானித்தாலும் நீரில் போடவேண்டாம். அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், பெயர் சொல்லவேண்டியதில்லை. பூஜை அறையில் வைத்திருக்கிறேன். எந்த ஆண்டு வந்து கேட்டாலும் திருப்பித் தருவேன். சீட்டு இந்த மேஜைமேல், விளக்கின் பக்கத்தில் இருக்கிறது.